விளக்கை அணைத்தால்தான் கணவர் அருகில் இருக்க முடிகிறது: கோளாறு உடம்பிலா, மனதிலா?

கொள்ளிடக்கரை கேட்கிறார்:

தோழியருக்கு வணக்கம். அம்மாவிடமோ அக்காவிடமோ வாய்விட்டுக் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருச்சி. திருமணத்துக்குப் பிறகு சென்னையில் இருக்கிறோம். கணவர் அன்பானவர். என் உடம்பைப் பற்றி இதுவரை ஒரு சொல்கூடக் குறையாகச் சொன்னதில்லை. இருந்தும் படுக்கையறையில் விளக்கு எரிந்தால் என்னால் அவர் அருகில் இயல்பாக இருக்க முடிவதில்லை. இருட்டிலும் நைட்டியை முழுவதுமாகக் களைய மனம் ஒப்புவதில்லை. அவர் கை இடுப்புப் பக்கம் வந்ததும் வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் தொடுகிறார் என்ற உணர்வே எனக்கு எட்டுவதில்லை; இப்படித் திரும்பிப் படுத்தால் வயிறு எப்படித் தெரியும், தாடையில் முளைத்திருக்கும் முடி அவர் கன்னத்தில் குத்துமா, தொடையின் கருமை கண்ணில் படுமா என்ற கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாட்களில் வலியும் இருக்கிறது. எப்போது முடியும் என்று காத்திருந்துவிட்டு, முடிந்ததும் குற்ற உணர்ச்சியோடு தூங்கிப்போகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போதே மாதவிலக்கு தள்ளிப்போய், ஸ்கேன் பார்த்து நீர்க்கட்டி என்றார்கள். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கின்றன. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், என்ன, கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள்; அதன்பிறகு பதிலே வரவில்லை. திருமணத்துக்கு முன் ஒரு பார்லரில் மணப்பெண்ணுக்கான பேக்கேஜ் எடுத்தோம். முகம், கை, கால் என்று தொடங்கி, அக்குளுக்கும் உள்தொடைக்கும் 'ப்ரைட்டனிங்' என்று தனிக் கட்டணம் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்த பெண் ஒரு ட்யூபின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, மருந்துக்கடையில் வாங்கித் தினமும் தடவச் சொன்னார். முதலில் நன்றாகவே வெளுத்தது. இப்போது தடவாவிட்டால் அரிப்பு. தொடை மடிப்பில் சிவப்பாக வரிவரியாகக் கோடுகளும் விழுந்திருக்கின்றன.

நிறத்தையும் எடையையும் சரிசெய்துவிட்டால் இந்தக் கூச்சம் போய்விடுமா? இதைக் கணவரிடம் சொல்லலாமா, சொன்னால் இதுவரை அவர் கவனிக்காத குறைகளை நானே எடுத்துக் காட்டியது போலாகிவிடாதா? மாமியார் வேறு, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்கிறார்.

---

நடுப்பகல் எழுதுகிறார்:

சகோதரி, எல்லாவற்றையும் மனம், மனம் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எடை குறைந்தாலே பாதிக்குமேல் சரியாகிவிடும். சர்க்கரையையும் மைதாவையும் விட்டுவிட்டுத் தினமும் வேகமாக நடங்கள். உடம்பு இளைத்தால் தன்னம்பிக்கை தானாக வரும்.

---

தோல்மருத்துவர்_மதுரை எழுதுகிறார்:

முதலில் அந்த ட்யூப். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். நிறம் வெளுக்க என்று நம் ஊரில் கைமாறும் பல களிம்புகளில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற மூன்றும் கலந்திருக்கும்; இவற்றில் மொமெட்டசோன்தான் ஸ்டீராய்டு. மங்கு போன்ற சில குறைகளுக்குச் சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்து அது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும் துண்டுச்சீட்டைப் பார்த்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. உள்தொடை, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் மெல்லியது, காற்றோட்டம் குறைவு, அங்கே தடவும் மருந்து மற்ற இடங்களைவிட அதிகமாக உள்ளே இறங்கும். நாளடைவில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் சிவப்புக் கோடுகள் அவையாகத்தான் இருக்க வேண்டும். அரிப்புக்குப் படர்தாமரையும் காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு தடவிய இடத்தில் அது தன் வழக்கமான வட்ட வடிவத்தை இழந்து ஆளை ஏமாற்றும்.

அடுத்தது நிறம். பூப்பெய்திய பிறகு ஹார்மோன்களின் தூண்டுதலால் அந்தரங்கப் பகுதியும் உள்தொடையும் அக்குளும் உடம்பின் மற்ற இடங்களைவிடக் கறுப்பாக இருப்பது இயற்கை. சிவந்த மேனி உள்ளவர்களுக்கும் அப்படித்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் தோலைப் பார்த்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: கை நிறமும் தொடையிடுக்கின் நிறமும் ஒன்றாக உள்ள பெண்ணை நான் பார்த்ததாக நினைவில்லை. இதைக்கூட ஒரு நோயாக்கி விற்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். பெண்ணுறுப்பை வெளுப்பாக்கும் திரவம் ஒன்றுக்கு 2012-இல் இந்தியத் தொலைக்காட்சிகளில் விளம்பரமே வந்தது. அந்த விளம்பரத்தில் கணவன் மனைவியை ஏறெடுத்துப் பார்க்காததற்குக் காரணம் அவள் உடம்பின் நிறம் என்று காட்டினார்கள். பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அந்த எண்ணம் மட்டும் பார்லர் விலைப்பட்டியலில் இடம்பிடித்துக்கொண்டது.

ஆனால் உங்கள் கழுத்தின் கருமை இந்தக் கணக்கில் சேராது. தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால் அதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்போம். இன்சுலின் உடம்பில் சரிவர வேலை செய்யாமல் இரத்தத்தில் மிகுந்திருப்பதன் வெளி அடையாளம் அது, அழுக்கு அல்ல. நார் போட்டுத் தேய்ப்பதால் இன்னும் கறுக்குமே தவிரப் போகாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையையும் கொழுப்பு, இரத்த அழுத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். நம் நாட்டவருக்கு உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை. அந்த வகையில் நடுப்பகல் சொன்ன நடையும் உணவுக் கட்டுப்பாடும் உங்களுக்குப் பயன் தரும். அந்த நடை சர்க்கரை நோய் வராமல் இருக்க. கணவருக்கு முன் விளக்கெரிய உரிமை பெறுவதற்காக அல்ல.

தாடை முடிக்கு மருந்தும் லேசர் சிகிச்சையும் இருக்கின்றன. மாத்திரையின் பலன் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகும். குழந்தைக்கு முயல்கிறீர்களா இல்லையா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைகளில் சில கருத்தடை மாத்திரைகள், சில கருவுக்கு ஆகாதவை.

---

வாசல்கோலம் எழுதுகிறார்:

கொள்ளிடக்கரை, உங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள் நான். எனக்கும் நீர்க்கட்டி உண்டு. நடுப்பகல் சொன்னதை நான் செய்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். உடம்பு நன்றாகவே இளைத்தது; மாதவிலக்கு ஒழுங்கானது; சுடிதார் எல்லாவற்றையும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். ஆனால் படுக்கையறையில் விளக்கு அணைந்தே இருந்தது. முன்பு வயிற்றின் சதையை மறைத்தேன், இப்போது இளைத்த பிறகு தொங்கும் தோலையும் வெள்ளைத் தழும்புகளையும் மறைத்தேன். எடையோடு கூச்சமும் இறங்கும் என்று நம்பிக் காத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

நாம் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வயதுக்கு வந்த நாள் முதல் துப்பட்டாவைச் சரியாகப் போடு, குனியாதே, காலைச் சேர்த்து உட்கார், அண்ணன் நண்பர்கள் வந்தால் உள்ளே போ என்று கேட்டே வளர்கிறோம். உடம்பு என்பது எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று, நாம் காவல் காக்க வேண்டிய ஒன்று என்பதே நமக்குக் கிடைத்த முதல் பாடம். அப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காவல் இருந்தவளைத் தாலி கட்டிய இரவில் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினால், அந்தக் காவல்காரியும் கூடவே உள்ளே வந்துவிடுகிறாள். பெண் பார்க்கும் சடங்கு வேறு. காபித் தட்டோடு நடந்து வரும்போது நடை, நிறம், முடியின் நீளம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண் தாளை நாம் திருமணத்துக்குப் பிறகும் தூக்கி எறிவதில்லை. கணவர் கையில் கொடுத்துவிட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். அவரோ அதை வாங்கியதே இல்லை.

"உன்னை நீயே நேசி" என்று படம் போட்டுப் பகிர்கிறவர்கள் மேல் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு. கண்ணாடி முன் நின்று "நான் அழகி" என்று சொல்லிக்கொள்ளச் சொல்வதும் கண்ணாடியை விட்டு நகரவிடாத வேலைதானே? 1975-இல் வந்த ஒரு முகக் களிம்பு 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது, கடை அலமாரியில் இருந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அழகு என்ற வட்டத்தைப் பெரிதாக்கி நம்மையும் உள்ளே சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தரங்கமான நேரத்தில் நான் அழகாக இருக்கிறேனா இல்லையா என்ற கேள்வியே எழாமல் இருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கு உதவியது மிகச் சாதாரணமான விஷயம். உடம்பை எப்படித் தெரிகிறது என்பதற்காக அல்லாமல், எப்படி உணர்கிறது என்பதற்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அவசரமாக முடிக்காமல், வயிற்றையும் தொடையையும் தவிர்க்காமல், நிதானமாகத் தேய்த்தேன். அந்த இடங்களை நானே தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் தொடாத இடத்தை அவர் தொடும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில் வியப்பென்ன இருக்கிறது?

---

சாய்வுநாற்காலி எழுதுகிறார்:

நான் உளவியல் ஆலோசகர். தம்பதியரோடு வேலை செய்கிறேன். வாசல்கோலம் காவல்காரி என்று சொன்னதைப் பற்றி உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1997-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். பெண்ணுடலை ஒரு பொருளாகப் பார்த்துப் பழகிய சமூகத்தில் வளரும் பெண், நாளடைவில் அந்த வெளியாள் பார்வையையே தன் பார்வையாக எடுத்துக்கொள்கிறாள் என்பது அதன் சாரம். மறு ஆண்டு அவர்களது குழு வெளியிட்ட ஒரு சோதனை இன்றும் பேசப்படுகிறது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாக ஓர் அறையில் விட்டு, சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்கு ஸ்வெட்டரும் கொடுத்து, அதை அணிந்த நிலையிலேயே கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் கண்ணாடியைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. ஆனாலும் நீச்சலுடை அணிந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அப்படி ஒரு சரிவு இல்லை. தன் உடம்பைக் கண்காணிக்கும் வேலை மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்று இதை விளக்கினார்கள்.

கணக்குப் போடுவதற்கே கவனம் போதவில்லை என்றால் இன்பத்துக்கு எங்கே போதும்? மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் 1970-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். உறவின்போது அதில் பங்கேற்பவராக இல்லாமல் மேலே நின்று பார்க்கும் பார்வையாளராக மாறிவிடுபவர்களுக்கு உடம்பின் கிளர்ச்சி தடைப்படுகிறது என்றார்கள். கிளர்ச்சி இல்லாவிட்டால் ஈரம் சுரக்காது, இடுப்புத்தசைகள் இறுகும், வலிக்கும். வலித்த அனுபவம் அடுத்த முறை முன்கூட்டியே அச்சத்தைக் கொண்டுவரும். உங்கள் வலிக்கு இந்தச் சுற்று காரணமாக இருக்கலாம். ஆனாலும் தொற்று, தசை இறுக்கம் போன்றவற்றை மகப்பேறு மருத்துவர் ஒருமுறை பார்த்து விலக்கிவிடுவது நல்லது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வேண்டாம்.

இதற்கு மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த பயிற்சி இன்றும் எங்கள் தொழிலில் பயன்படுகிறது. சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் தொட, மற்றவர் அந்தத் தொடுதலை உணர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; பிறகு மாறிக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. கை, முதுகு, பாதம், தலை போதும். கிளர்ச்சி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. உள்ளங்கையின் சூடு, விரலின் அழுத்தம், நகர்கிற வேகம் இவற்றில் மனத்தை வைப்பதுதான் வேலை. மனம் வயிற்றைப் பார்க்க ஓடினால் கடிந்துகொள்ளாமல் மறுபடி உள்ளங்கைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கே தொடலாம், எது பிடிக்கிறது, எது போதும் என்பதைப் பெண் வாய் திறந்து சொல்லிப் பழகுவது இதில் பாதிப் பயன். எனக்கு இது பிடிக்கிறது என்று சொல்லவும், இன்று வேண்டாம் என்று சொல்லவும் தனக்கு உரிமை உண்டென்று ஒரு பெண் நம்புவதைத்தான் பாலியல் தன்மதிப்பு என்கிறோம். உடம்பின் அளவோடு அதற்கு இருக்கும் தொடர்பு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. ஒல்லியான, சிவந்த, ஊரே அழகி என்று சொல்லும் பெண்களும் இதே கேள்வியோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

விளக்கைப் பொறுத்தவரை ஒரேயடியாகப் போட்டுவிட வேண்டும் என்று உங்களை நீங்களே வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். முதலில் வராந்தா விளக்கு எரிய, கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும். அது பழகிய பிறகு அடுத்தது.

இன்னொன்று: நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு மருத்துவர் செய்ய வேண்டியவை குறித்து 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், மனச்சோர்வு, பதற்றம், உடல் பற்றிய எண்ணம், பாலியல் வாழ்வு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் வரிசையும் நேரமும் அதற்கு இடம் தருவதில்லை என்பது வேறு விஷயம். எனவே மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பேச்சுத் துணையாவது உடனே வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது; தமிழில் பேசலாம்.

---

மேற்குமாம்பலத்தான் எழுதுகிறார்:

இந்தப் பகுதியில் ஆண்கள் எழுதுவது வழக்கமில்லை என்பது தெரியும். கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருப்பதால் மட்டும் எழுதுகிறேன். என் மனைவி ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, வீட்டுக் கட்டாயத்துக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறார் என்றே வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் விஷயமே வேறு என்று புரிந்தது. சொல்லுங்கள், ஆனால் குறைகளின் பட்டியலாகச் சொல்ல வேண்டாம். "என் உடம்பைப் பற்றி எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை" என்ற அளவே போதும். அவர் உடனே "நீ அழகாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லிப் பேச்சை முடிக்கப் பார்ப்பார். நானும் அதைத்தான் செய்தேன். பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மாடியில் துணி எடுக்கப் போனபோது அவரிடம் சொன்னேன். மேற்குமாம்பலத்தான் அவர்கள் எழுதியது போலவே முதலில் அவர் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். மாமியாரின் கேள்விக்கு இனிமேல் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். மருத்துவர் அம்மாவிடம் ஒரு சந்தேகம்: ட்யூபை இன்றோடு நிறுத்திவிடலாமா, நிறுத்தினால் முன்பைவிடக் கறுத்துவிடும் என்று பார்லரில் பயமுறுத்தினார்களே?

---

தோல்மருத்துவர்_மதுரை எழுதுகிறார்:

தொடையிலும் அக்குளிலும் நிறுத்திவிடலாம். முகத்திலும் தடவியிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் நேரில் காட்டிவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். சிவந்து எரிச்சல் கண்டு, பருப்பருவாக வரக்கூடும். வெளுத்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்புவது உண்மைதான், சிலருக்குச் சில மாதங்கள் சற்றுக் கூடுதலாகவும் கறுக்கலாம். பார்லரில் சொன்னது அந்தப் பாதி உண்மையைத்தான். சிவப்புக் கோடுகள் நாளடைவில் வெளிறும், முழுதாக மறையாது. மருத்துவரிடம் போகும்போது பெயரைச் சொல்லாமல் ட்யூபையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி ஒரு வாரமாவது அந்த இடத்தில் வேறெதுவும் பூசாமல் இருந்தால் படர்தாமரை இருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்துச் சொல்வது எளிது. இருந்தால் உங்கள் கணவருக்கும் பரிசோதனை தேவை; ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். துண்டையும் உள்ளாடையையும் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.